மளிகைச் சீட்டிலிருந்து தொடங்குங்கள்: வீட்டுச் சமையலைச் சத்தாக மாற்றும் முழு வழிகாட்டி

ஆரோக்கியமாகச் சமைக்க வேண்டும் என்று முடிவெடுத்த வீட்டுக்கு முதலில் வந்து இறங்குபவை ஓட்ஸ், கீன்வா, சியா விதை, ஆலிவ் எண்ணெய். இரண்டு வாரத்தில் அவை அலமாரி மூலைக்குப் போய்விடும். பழைய சமையல் அப்படியே தொடரும். சாம்பார், ரசம், பொரியல், கூட்டு, மோர் என்ற நம் சாப்பாட்டு அமைப்பில் எந்தக் குறையும் இல்லை. அளவில்தான் கோளாறு. சாதம் தட்டை நிறைக்கிறது, பொரியல் ஓரத்தில் இரண்டு கரண்டி, சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது. இந்த அளவுகளை மாற்றுவதே இந்த வழிகாட்டியின் நோக்கம். புதிய சமையல் எதையும் கற்க வேண்டியதில்லை.

முதல் படி: ஒரு மாதக் கணக்கு

அடுப்பைத் தொடுவதற்கு முன் மளிகைச் சீட்டை எடுங்கள். ஒரு மாதத்தில் வீட்டுக்கு வாங்கும் அரிசி, கோதுமை, பருப்பு வகைகள், எண்ணெய், உப்பு, சர்க்கரை ஆகியவற்றை எழுதுங்கள். காய்கறிக்கு மட்டும் ஒரு வாரம் எடை பார்த்துக் குறித்தால் போதும்.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்கள், 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு ஒரு நாளைய அளவை இப்படித் தருகின்றன: தானியம் 250 கிராம், பருப்பு மற்றும் பயறு 85 கிராம், கீரையும் சேர்த்துக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், பால் 300 மில்லி, கொட்டைகளும் விதைகளும் 35 கிராம், எண்ணெய் 27 கிராம். எல்லாம் சமைப்பதற்கு முந்தைய எடை. உப்புக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் கீழே.

பெரியவர்கள் நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இதை மாதக் கணக்காக மாற்றினால், அரிசி, கோதுமை, ரவை எல்லாம் சேர்த்து 30 கிலோ. உளுந்து, கடலை உட்படப் பருப்பு வகைகள் 10 கிலோ. காய்கறி வாரத்துக்கு 11 கிலோ. நெய் உட்பட எண்ணெய் மூன்றரை லிட்டர். உப்பு 600 கிராம். உங்கள் சீட்டை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் அரிசியும் எண்ணெயும் உப்பும் மிஞ்சி நிற்கும்; பருப்பு பாதியைக்கூடத் தொடாது. காய்கறி நிலை இன்னும் மோசம். நான்கு பேருக்குக் கால் கிலோ பீன்ஸ் வாங்கிப் பொரியல் வைப்பதை நாம் இயல்பாகவே எடுத்துக்கொண்டுவிட்டோம்.

இந்த இடைவெளியை ஒரே மாதத்தில் அடைக்க முயல வேண்டாம். பருப்பையும் பயறையும் திடீரென இரட்டிப்பாக்கினால் வயிறு உப்பும், வீட்டில் எதிர்ப்பு கிளம்பும். மாதத்துக்கு ஒன்றிரண்டு கிலோ கூட்டி, மூன்று நான்கு மாதத்தில் இலக்கை எட்டினால் போதும்.

இரண்டாம் படி: பொரியல் சட்டியைப் பெரிதாக்குங்கள்

ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். நான்கு பேருக்கு மதியப் பொரியல் அரை கிலோ காயில் இருக்கட்டும். சாம்பாரிலோ கூட்டிலோ இன்னொரு அரை கிலோ. இரவுக்கு ஒரு கட்டுக் கீரை அல்லது காய் போட்ட குருமா. இடையில் வெள்ளரி, கேரட், தக்காளி, வெங்காயம் போட்ட தயிர்ப் பச்சடி. நாளொன்றுக்கு வேண்டிய ஒன்றரைக் கிலோ இப்படித்தான் பிரியும். ஒரே வேளையில் தின்று தீர்க்க வேண்டியதில்லை. உருளைக்கிழங்கு, சேப்பங்கிழங்கு, வாழைக்காய் ஆகியவற்றை இந்தக் கணக்கில் நான் சேர்ப்பதில்லை. அவற்றில் மாவுச்சத்துதான் மிகுதி. சாதத்துக்கு மேல் இன்னொரு சாதம் சாப்பிடுவதாகிவிடும்.

செலவைப் பற்றிய கவலை நியாயமானது. ஆனால் விலை ஏறுவது பெரும்பாலும் காலிஃபிளவர், குடைமிளகாய் போன்றவற்றுக்கு. சுரைக்காய், பரங்கிக்காய், முள்ளங்கி, முட்டைக்கோஸ், வாழைத்தண்டு, கீரைக் கட்டு எல்லாம் சத்தில் எதற்கும் குறைந்தவை அல்ல. 1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகள் இன்று பல ஊர்களில் இருக்கின்றன. பக்கத்தில் ஒன்று இருந்தால் வாரம் இரு முறை அங்கே போவது பர்ஸுக்கும் நல்லது, காயும் அன்று பறித்ததாக இருக்கும்.

சத்து வீணாகும் இடங்கள் மூன்று. நறுக்கிய பிறகு கழுவுவது ஒன்று. பி வகை வைட்டமின்களும் வைட்டமின் சி-யும் தண்ணீரில் கரைபவை, வெட்டிய பரப்பு வழியே ஓடிவிடும். முதலில் கழுவி, பிறகு நறுக்குங்கள். நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடிகட்டிக் கொட்டுவது இரண்டாவது. மீந்தால் அந்தத் தண்ணீர் ரசத்துக்குப் போகட்டும். பச்சை நிறம் மாறாமலிருக்கச் சமையல் சோடா போடுவது மூன்றாவது. சோடா தயமின் என்ற வைட்டமின் பி1-ஐயும் வைட்டமின் சி-யையும் அழிக்கிறது.

பீன்ஸ் பொரியலையே எடுத்துக்கொள்வோம். அரை கிலோ பீன்ஸுக்கு நான்கு மேசைக்கரண்டி பாசிப்பருப்பை அரை மணி நேரம் ஊறவையுங்கள். இரும்பு வாணலியில் இரண்டு தேக்கரண்டி எண்ணெய், கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய், கறிவேப்பிலை. தாளிதம் பொரிந்ததும் நறுக்கிய பீன்ஸையும் ஊறிய பருப்பையும் போட்டு ஒரு கை தண்ணீர் தெளித்து மூடுங்கள். தீ மிதமாக இருக்கட்டும். காயிலிருந்து விடும் நீரும் தெளித்த நீருமே அதை வேகவைத்துவிடும். எட்டாவது நிமிடத்தில் ஒரு துண்டை எடுத்து விரல்களுக்கிடையில் நசுக்குங்கள். தோல் இளகி, நடுவில் சற்றே உறுதி இருந்தால் அதுதான் பதம். அப்போது அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவல், ஒரு பிரட்டு, அடுப்பை அணைத்துவிடலாம். உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள்; இரும்பிலேயே கிடந்தால் காய் கறுத்துப்போகும். முட்டைக்கோஸ், அவரை, கொத்தவரை, புடலை எல்லாவற்றுக்கும் இதே முறைதான், நேரம் மட்டும் மாறும்.

கீரை கழுவுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. அகலமான பாத்திரத்தில் தண்ணீர் பிடித்துக் கீரையை அமிழ்த்தி அலசி, கீரையைக் கையால் அள்ளி வெளியே எடுங்கள். அப்படியே சாய்த்து ஊற்றினால் அடியில் தங்கிய மண் மறுபடி கீரை மேலேயே விழும். அடியில் மண் தெரியாத வரை இதைத் தொடருங்கள். முருங்கைக்கீரையிலோ அரைக்கீரையிலோ உள்ள இரும்புச் சத்து உடலில் சேர எலுமிச்சையின் வைட்டமின் சி உதவுகிறது. பரிமாறும்போது சில துளி பிழிந்துவிடுங்கள். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடித்தால் அந்தப் பலன் போய்விடும். ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

மூன்றாம் படி: பருப்பைத் தட்டில் தெரியவையுங்கள்

ஒருவருக்கு 85 கிராம் என்பது பெரிய அளவாகத் தோன்றும். ஆனால் காலை இட்லி, தோசையிலேயே உளுந்து கொஞ்சம் வந்துவிடுகிறது. மாவுக்கு நாலுக்கு ஒன்று போடும் வீட்டில் மூன்றுக்கு ஒன்றாக மாற்றுங்கள். முடிந்தால் தோலுடன் கறுப்பு உளுந்து. இட்லி சற்று மங்கலான நிறத்தில் வரும், மென்மை குறையாது. சாம்பாருக்கு நான்கு பேருக்கு அரை டம்ளர் துவரம்பருப்பு போடுபவர்கள் அதை முக்கால் டம்ளராக்கினால் சாம்பார் கெட்டியாகும், சாதம் குறைவாகச் செல்லும். மீதி அளவு மாலைச் சுண்டலில் வந்து சேரட்டும்.

சுண்டலை நவராத்திரிக்கு மட்டும் ஒதுக்கிவைத்திருப்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். மாலை நான்கு மணிக்கு மிக்சரும் பிஸ்கட்டும் தின்னும் நேரத்தில் ஒரு கிண்ணம் சுண்டல் இருந்தால், இரவில் பசி அடங்கியிருக்கும். கறுப்புக் கொண்டைக்கடலை, காராமணி, பாசிப்பயறு, மொச்சை, பட்டாணி, நிலக்கடலை என்று ஆறு நாளுக்கு ஆறு வகை இருக்கின்றன. இரவில் ஊறவைத்தால் காலையில் குக்கரில் வைத்துவிடலாம். வெந்ததைக் குளிர்பெட்டியில் எடுத்துவைத்து, மாலையில் தாளிப்பது ஐந்து நிமிட வேலை. நிலக்கடலை மட்டும் அளவோடு. அதில் பாதியளவு கொழுப்பு.

அடை இந்தப் படியின் உச்சம் என்பேன். இட்லி அரிசி ஒரு டம்ளர், கடலைப்பருப்பு அரை, துவரம்பருப்பு அரை, பாசிப்பருப்பு கால், உளுந்து கால். அரிசியைவிடப் பருப்பு ஒன்றரை மடங்கு. மூன்று மணி நேரம் ஊறவைத்து, மிளகாய், பெருங்காயம், சோம்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்தால் புளிக்கவைக்க வேண்டியதில்லை. மாவில் முருங்கைக்கீரையும் சின்ன வெங்காயமும் ஒரு கை நிறையப் போடுங்கள். இரண்டு அடை சாப்பிட்டவருக்கு மூன்றாவது தேவைப்படாது. அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் என்ற புரதக்கூறு பருப்பில் நிறைய இருக்கிறது. இரண்டும் ஒரே வேளையில் சேரும்போது புரதம் முழுமையாகிறது.

அசைவம் சாப்பிடும் வீடுகளில் பருப்பின் ஒரு பகுதியை முட்டையும் மீனும் ஈடுசெய்யும். வஞ்சிரம் வாங்கினால்தான் மீன் என்பதில்லை. மத்தியும் கானாங்கெளுத்தியும் விலை மலிவு, ஒமேகா-3 கொழுப்பு அவற்றில் நிறைய. வறுவலைவிடக் குழம்பில் போடுங்கள்.

நான்காம் படி: சாதத்தைக் குறைக்கும் வழி

தினம் அளக்கும் டம்ளரில் கால் பங்கைக் குறைத்துப் போடுங்கள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு கால் பங்கு. உட்கார்ந்து வேலை பார்க்கும் நான்கு பேருக்கு மதியத்துக்கு 200 மில்லி டம்ளரில் இரண்டு டம்ளர் அரிசி, அதாவது சுமார் 320 கிராம், போதும். பரிமாறும் வரிசையையும் மாற்றுங்கள். முதலில் தட்டில் பொரியலும் கூட்டும் வைத்து, பாதியளவாவது சாப்பிட்டபின் சாதம். காயும் பருப்பும் முன்னால் போனால் இரத்தச் சர்க்கரை மெதுவாக ஏறும். பந்தியில் சாதம் விழும் வரை காத்திருக்கும் நம் வழக்கத்துக்கு இது எதிர்மாறு, ஆனால் வீட்டில் பழகிக்கொள்ளலாம்.

வடித்த சாதத்தில் சர்க்கரை இருக்காது என்று பலர் நம்புகிறார்கள். கஞ்சியோடு போவது மாவுச்சத்தில் சிறு பகுதிதான்; கூடவே பி வைட்டமின்களும் போகின்றன. குக்கர் சாதமோ வடித்த சாதமோ, எவ்வளவு சாப்பிடுகிறீர்கள் என்பதே முடிவு செய்கிறது.

எந்த அரிசி என்ற கேள்விக்கு நம் ஊரில் ஒரு வரலாறும் பதிலும் இருக்கின்றன. மேலே சொன்ன தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918-இல் குன்னூரில், பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில், ராபர்ட் மெக்கரிசன் தொடங்கிய பெரிபெரி ஆய்வுப் பிரிவாகப் பிறந்தது. தீட்டிய பச்சரிசியே பிரதான உணவாக இருந்தவர்களைத் தயமின் குறைவால் தாக்கிய நோய் பெரிபெரி. புழுக்கும்போது தவிட்டில் உள்ள வைட்டமின்கள் அரிசிமணிக்குள் இறங்கிவிடுவதால், புழுங்கல் அரிசி அந்த நோயிலிருந்து காத்தது. அதனால் அன்றாடச் சாப்பாட்டுக்குப் புழுங்கலரிசி நல்ல தேர்வு. கைக்குத்தல் அரிசி கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீர் கூடுதலாக விட வேண்டும். எதுவானாலும் இரண்டு முறை அலசினால் போதும்.

சிறுதானியங்களை மனதார வரவேற்கிறேன். ராகியில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராமை ஒட்டிய கால்சியம் இருக்கிறது. அரிசியில் அது மிகச் சொற்பம். ஆனால் ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு, சாமை சாதம் எவ்வளவு சாப்பிட்டாலும் எடை ஏறாது என்ற அளவுக்குப் பேச்சு போய்விட்டது. கலோரியில் சாமை, தினை, வரகு எல்லாம் அரிசிக்கு நிகர்தான். நன்மை நார்ச்சத்திலும் தாதுக்களிலும் இருக்கிறது. அதுவும் தீட்டாமல் இருந்தால். வெள்ளை வெளேரென்று மின்னும் சாமையைத் தவிர்த்து, பழுப்பு படிந்ததாகப் பார்த்து வாங்குங்கள். அது சீக்கிரம் சிக்கு வாசனை அடிக்கும் என்பதால் ஒரு கிலோவுக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள். வாரத்தில் மூன்று வேளை போதும்: கம்பு தோசை, ராகிக் களி, வரகு சாதம்.

ஐந்தாம் படி: எண்ணெய்க் கிண்ணம்

கேனிலிருந்து நேரே வாணலியில் ஊற்றும் வரை எண்ணெய் குறையாது. காலையில் ஒரு கிண்ணத்தில் அன்றைய எண்ணெயை அளந்து வைத்துவிடுங்கள். நான்கு பேருக்கு 8 மேசைக்கரண்டி, அதாவது சுமார் 120 மில்லி. தோசை, தாளிதம், குழம்பு, பொரியல் எல்லாம் அதிலிருந்தே. நெய் சேர்த்தால் அதற்கேற்ப எண்ணெயைக் குறைக்க வேண்டும். முதல் வாரம் மாலைக்குள் கிண்ணம் காலியாகிவிடும். இரண்டாம் வாரத்தில் கை தானாகவே அளவு பார்க்கத் தொடங்கும்.

எங்கே மிச்சம் பிடிப்பது? நன்கு பழகிய இரும்புத் தோசைக்கல்லில் அரை வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்தால் தோசை ஒட்டாது; சுற்றி ஊற்றத் தேவையில்லை. புளிக்குழம்புக்குக் கரண்டி நிறைய ஊற்றுவதற்குப் பதில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் சின்ன வெங்காயத்தைச் சிட்டிகை உப்புடன் மூடிபோட்டு வதக்குங்கள். கத்தரிக்காய் பஞ்சுபோல் எண்ணெயைக் குடிக்கும். ஆவியில் அரைவேக்காடாக எடுத்துவிட்டுப் பிறகு மசாலாவில் பிரட்டினால் பாதி எண்ணெயில் வேலை முடியும். குருமாவுக்குத் தேங்காயில் பாதியைக் குறைத்து, அந்த இடத்தில் பொட்டுக்கடலை அரைத்து விடலாம். அப்பளத்தைத் தணலில் சுட்டெடுங்கள்.

செக்கில் ஆட்டியதானாலும் டப்பாவில் வந்ததானாலும் எந்த எண்ணெயிலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி. வாசனைக்கும் சுவைக்கும் செக்கு எண்ணெய் எனக்குப் பிடிக்கும். அதற்காக அளவு கூடக் கூடாது. நல்லெண்ணெயையும் கடலை எண்ணெயையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு 90 சதவீதத்தை ஒட்டி இருப்பதால் அவியலுக்கும் சில தாளிதங்களுக்கும் வைத்துக்கொள்வது நல்லது. வடை சுட்ட எண்ணெயை மறுபடி பொரிக்க எடுக்காதீர்கள். வடிகட்டி, ஓரிரு நாளுக்குள் தாளிதத்துக்குச் செலவழித்துவிடுங்கள், கறுத்துவிட்டால் கொட்டிவிடுங்கள்.

உப்பும் சர்க்கரையும்

ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் நாளை அதன் மேலேயே பேனாவால் எழுதுங்கள். நான்கு பேர் வீட்டில் அது 50 நாள் வர வேண்டும். 30 நாளில் தீர்ந்தால் அளவு மிஞ்சுகிறது என்று பொருள்; ஊறுகாய், அப்பளம், வடகம், மோர்மிளகாய், கருவாடு எல்லாம் அதற்கு மேல் தனி. சாதத்திலும் சப்பாத்தி மாவிலும் உப்பை நிறுத்துங்கள். குழம்பில் வாரத்துக்குச் சிறிது சிறிதாகக் குறைத்தால் நாக்கு சில வாரங்களில் பழகிவிடும். எலுமிச்சை, மாங்காய், மிளகு, இஞ்சி ஆகியவை உப்பின் குறையை மறைக்கும். இந்துப்பும் கல் உப்பும் அதே சோடியம் குளோரைடுதான்; அயோடின் சேர்த்த உப்பை விட்டுவிட வேண்டாம்.

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, வெல்லம், தேன் எல்லாம் சர்க்கரைக் கணக்கில் வருபவை. மூன்று காபிக்கு இரண்டு கரண்டி வீதம் போடுபவர், அதிலேயே ஒரு நாள் அளவை முடித்துவிடுகிறார். கரண்டியைச் சிறிதாக்குவதில் தொடங்குங்கள்.

வேலையைப் பகிர்ந்தால்தான் நீடிக்கும்

தினமும் ஒன்றரைக் கிலோ காய் நறுக்குவது சிறு வேலையன்று. வீட்டில் ஒரு பெண்ணின் தலையில் அதை ஏற்றிவிட்டு ஆரோக்கியம் பேசுவது அநியாயம். நடைமுறையிலும் அது பத்து நாள் தாங்காது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம் எல்லோரும் உட்காருங்கள். ஒருவர் கீரை ஆயட்டும், ஒருவர் பீன்ஸ் நார் உரிக்கட்டும், பிள்ளைகள் வெங்காயமும் பூண்டும் உரிக்கட்டும். கழுவி, ஈரம் துடைத்து, மூடிய டப்பாவில் குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாள் காலை நறுக்குவது மட்டும்தான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை இஞ்சி பூண்டு விழுது, புளிக்கரைசல், ஒரு வாரத்துக்கான பயறுப் பட்டியல் தயாராகிவிட்டால், கடையில் பரோட்டா வாங்கும் இரவுகள் குறையும்.

வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருந்தால்

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. பல வீடுகளில் அப்பாவுக்கு இரண்டு சப்பாத்தி, மற்றவர்களுக்குச் சாதம் என்று இரண்டு அடுப்பு எரிகிறது. அது தேவையில்லை. மேலே சொன்ன பொரியலும் கூட்டும் சுண்டலும் அவருக்கும் பொருந்தும். சாத அளவு மட்டும் அவருக்குத் தனியாக, மருத்துவர் சொன்னபடி, ஒரே கிண்ணத்தில் அளந்து வைத்துவிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள் முக்கியம். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்குப் பருப்பு, கீரை, பொட்டாசியம் கலந்த குறைசோடியம் உப்பு ஆகியவை தீங்காகலாம். அவர்களுக்கான அளவை மருத்துவரே சொல்ல வேண்டும். இன்சுலின் போடுபவர்களும் சில வகைச் சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களும் மருந்தை மாற்றாமல் சாதத்தை மட்டும் சட்டெனக் குறைத்தால், சர்க்கரை அளவு தாழ்ந்து மயக்கம் வரலாம். அவர்கள் குறைக்கத் தொடங்கும் முன் மருத்துவரிடம் பேசிவிட்டு, முதல் இரண்டு வாரம் சாப்பாட்டுக்கு முன்பும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் குளுக்கோமீட்டரில் பார்த்து, அன்று என்ன சாப்பிட்டார், எத்தனை கிண்ணம் என்பதையும் பக்கத்தில் எழுதி, அடுத்த முறை போகும்போது அந்த நோட்டைக் கையோடு கொண்டுபோகட்டும்.